குருவும் தன்னாட்சியும்: ஜார்ஜ் அருண்டேலின் வாழ்வும் அதன் வாசிப்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

அடையாற்றைப் பணிக்களமாகக் கொண்ட ஜார்ஜ் சிட்னி அருண்டேல் (1878–1945), 1917இல் தன்னாட்சி இயக்கத்துக்காகக் காவலில் வைக்கப்பட்டவர். 1925இல் லிபரல் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். தேசிய இயக்க வரலாறு இவற்றுள் முதலாவதை மட்டும் நினைவில் கொள்கிறது. பிரம்மஞான சபையின் வரலாறு இரண்டாவதை முதன்மைப்படுத்துகிறது. கலை வரலாறு இரண்டையும் விடுத்து, ருக்மிணி தேவியின் கணவர் என்ற அளவில் அவரைக் குறிப்பிடுகிறது. அரசியலைத் துறந்து சமயத்துக்குள் ஒதுங்கியவர் என்ற பொதுக்கருத்து இப்பிரிவினையின் விளைவாகும். அருண்டேலின் அரசியலும் குருத்துவமும் ஒரே கருத்தமைப்பின் இரு வடிவங்கள் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. விடுதலை என்பது தகுதி வாய்ந்த ஒருவரின் வழிகாட்டுதலில் படிப்படியாக அடையப்பட வேண்டியது என்பதே அக்கருத்தமைப்பு. அதன் ஆற்றல் 1917இலும் அதன் எல்லை 1919க்குப் பின்னும் வெளிப்பட்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அருண்டேல், அன்னி பெசன்ட், தன்னாட்சி இயக்கம், பிரம்மஞான சபை, லிபரல் கத்தோலிக்கத் திருச்சபை, குருத்துவம், பிராமணரல்லாதார் இயக்கம்.

முன்னுரை

தென்சென்னையின் ஊர்ப்பெயர்களும் தெருப்பெயர்களும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஓர் அரசியல் விவாதத்தின் இரு தரப்பையும் தாங்கி நிற்கின்றன. அடையாற்றின் தென்கரையில் பெசன்ட் நகர் தன்னாட்சி இயக்கத் தலைவியின் பெயரைக் கொண்டுள்ளது. வடக்கே தியாகராய நகர், அவ்வியக்கத்தை எதிர்த்து 1916 டிசம்பரில் பிராமணரல்லாதார் அறிக்கையை வெளியிட்ட பிட்டி தியாகராயரின் பெயரால் வழங்குகிறது. அந்நகரின் டாக்டர் நாயர் சாலை, 'ஜஸ்டிஸ்' நாளேட்டின் வழியாகப் பெசன்ட்டை இடைவிடாது எதிர்த்த டி.எம். நாயரை நினைவூட்டுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட மயிலாப்பூர், தன்னாட்சி இயக்கத்துக்கு ஆதரவளித்த வழக்கறிஞர்களின் வாழிடமாக இருந்தது.

இவ்விவாதத்தின் நடுவே செயல்பட்டவர்களுள் ஒருவர் ஜார்ஜ் அருண்டேல். இங்கிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று, 1903 முதல் இந்தியக் கல்விப்பணியில் ஈடுபட்டு, அடையாற்றிலேயே மறைந்தவர். தமிழில் அவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் வேறொருவரைப் பற்றிய எழுத்தின் ஓரத்தில் இடம்பெறுகின்றன. பெசன்ட்டின் உதவியாளர், கிருஷ்ணமூர்த்தியின் ஆசிரியர், ருக்மிணி தேவியின் கணவர் என்னும் மூன்று உறவுநிலைகளே அவருடைய அடையாளங்களாக எஞ்சியுள்ளன. ஒருவரது வாழ்வு இவ்வாறு பிறருடைய வாழ்வுகளுக்குள் பிரித்து வைக்கப்படும்போது, அவ்வாழ்வை இயக்கிய கருத்து எது என்ற வினா எழாமலே போகிறது. அவ்வினாவை எழுப்பி விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று வாசிப்புகள்

அருண்டேலைப் பற்றி நிலவும் வாசிப்புகளை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, தேசிய இயக்க வரலாற்றின் வாசிப்பு. 1917 ஜூனில் சென்னை அரசு மூவரைக் காவலில் வைத்தது என்னும் தொடரில் பெசன்ட், அருண்டேல், வாடியா என்ற வரிசையின் நடுப்பெயராக அவர் வருகிறார். அவ்வாண்டு செப்டம்பரில் விடுதலை பெற்ற பின்னர் அவ்வரலாற்றில் அவருக்கு இடமில்லை. காந்தியின் வருகையால் மிதவாதிகள் பின்தள்ளப்பட்டனர் என்ற பொதுவிளக்கத்துக்குள் அவரது மறைவும் அடக்கப்பட்டுவிடுகிறது.

இரண்டாவது, பிரம்மஞான சபையின் அகவரலாறு. அங்கு அவர் 1934 முதல் 1945 வரை சபையின் தலைவர், ஆயர், 'நிர்வாணம்' (1926) முதலிய நூல்களின் ஆசிரியர். தன்னாட்சி இயக்கப் பணி இவ்வரலாற்றில் பெசன்ட்டின்பால் அவர் கொண்ட பற்றுறுதிக்குச் சான்றாகவே கொள்ளப்படுகிறது. அதற்கென ஓர் அரசியல் உள்ளடக்கம் இருந்ததாகக் கருதப்படுவதில்லை.

மூன்றாவது, கலை வரலாற்றின் வாசிப்பு. 1920இல் பம்பாயில் நடைபெற்ற அருண்டேல்–ருக்மிணி தேவி திருமணமே இங்கு மைய நிகழ்வு. மணமகளுக்கு வயது 16, மணமகனுக்கு 41. சென்னைப் பிராமணச் சமூகம் இத்திருமணத்தைக் கடுமையாக எதிர்த்தது. பின்னர் 1936இல் கலாக்ஷேத்திராவின் தோற்றத்துக்குத் துணைநின்ற கணவராக அவர் மீண்டும் இடம்பெறுகிறார்.

மூன்று வாசிப்புகளும் தத்தம் அளவில் பிழையற்றவை. ஆயினும் மூன்றும் 1917க்கும் 1925க்கும் இடையே ஒரு முறிவை எடுத்துக்கொண்டு தொடங்குகின்றன. தேசிய வரலாறு அம்முறிவை வீழ்ச்சி என்கிறது. சபை வரலாறு உயர்வு என்கிறது. கலை வரலாறு அதைக் கண்டுகொள்வதில்லை. முறிவு உண்மையிலேயே நிகழ்ந்ததா என்பதைக் காலவரிசை கொண்டு சோதிக்க வேண்டும்.

'குரு' என்னும் சொல்லின் மூன்று பொருள்கள்

இச்சோதனைக்குத் தமிழ்ச் சொல்வழக்கே ஒரு கருவியைத் தருகிறது. தமிழில் 'குரு' என்பது கற்பிக்கும் ஆசிரியரைக் குறிக்கும். ஆன்மிக வழிகாட்டியைக் குறிக்கும். தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் திருப்பலி நிறைவேற்றும் அருட்பணியாளரையும் குறிக்கும். 'குருத்துவம்', 'குருப்பட்டம்' ஆகிய சொற்கள் இம்மூன்றாம் பொருளில் நிலைபெற்றவை. ஐரோப்பிய மொழிகள் தனித்தனிச் சொற்களால் பிரித்துரைக்கும் மூன்று பணிகளைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்குகிறது.

அருண்டேலின் வாழ்வு இம்மூன்று பொருளையும் வரிசையாகக் கடந்து செல்கிறது. காசி மத்திய இந்துக் கல்லூரியில் வரலாறு கற்பித்து, 1909 முதல் அதன் முதல்வராகவும் விளங்கியவர் அவர். மகாத்மாக்கள் எனப் பிரம்மஞான சபையினர் நம்பிய வழிகாட்டிகளின் சீடராகத் தம்மைக் கருதியவர். 1925இல் திருச்சபையின் குருவும் ஆயருமானவர். ஒவ்வொரு நிலையிலும் உறவு ஒன்றே: மேலிருப்பவர் அறிந்தவர், கீழிருப்பவர் அறியவிருப்பவர். மேலிருப்பவரின் அதிகாரம் அன்பாலும் தியாகத்தாலும் நியாயப்படுத்தப்படுகிறது. கீழிருப்பவர் ஒருநாள் மேலிருப்பவருக்கு இணையாவார் என்ற உறுதிமொழி எப்போதும் உண்டு. அந்நாளை அறிவிக்கும் உரிமை மேலிருப்பவருக்கே உரியது. அருண்டேல் விடுதலை என்று கருதியது இந்த உறவுநிலைக்கு உட்பட்ட ஒன்றாகும்.

பள்ளியறையிலிருந்து கிளைக்குழுவுக்கு

அரசியலில் தோற்றபின் மறைஞானத்தில் தஞ்சம் புகுந்தார் என்ற கருத்தைக் காலவரிசை ஏற்கவில்லை. 1911 சனவரியில் காசியில் 'உதயசூரியச் சங்கம்' என்னும் அமைப்பை அருண்டேல் நிறுவினார். வரவிருக்கும் உலக ஆசானை எதிர்கொள்ள மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஆயத்தப்படுத்துவது அதன் நோக்கம். சில மாதங்களில் அதுவே 'கீழ்வானில் விண்மீன் சங்கம்' என்ற உலக அமைப்பாக விரிந்து, இளம் கிருஷ்ணமூர்த்தியைத் தலைவராக ஏற்றது. இதனால் கல்லூரியில் எழுந்த பூசலில் 1913இல் அருண்டேலும் ஆசிரியர் பலரும் பதவி விலகினர். ஆகவே அவருடைய மறைஞான ஈடுபாடு அரசியலுக்கு ஐந்தாண்டுகள் மூத்தது.

1916 செப்டம்பரில் பெசன்ட் தொடங்கிய தன்னாட்சிக் கழகத்தின் அமைப்புச் செயலாளராக அருண்டேல் பொறுப்பேற்றார். பால கங்காதர திலகர் அவ்வாண்டு ஏப்ரலில் தனியே ஒரு கழகத்தைத் தொடங்கியிருந்தார். பெசன்ட்டின் கழகம் தளர்வான கட்டமைப்புடையது. மூவர் சேர்ந்தால் ஒரு கிளை அமைக்கலாம். 'நியூ இந்தியா' நாளேட்டில் அருண்டேல் எழுதிய அறிவுரைகளே கிளைகளை இணைத்த முதன்மைக் கண்ணி. அரசியல் விவாதங்களை நடத்துதல், நாட்டரசியல் குறித்த நூல்கள் கொண்ட நூலகங்களை நிறுவுதல், மாணவர்க்கு அரசியல் வகுப்புகள் எடுத்தல், துண்டு வெளியீடுகளை அச்சிடுதல், நிதி திரட்டுதல், சமூகப்பணி ஆற்றுதல், கூட்டங்கள் கூட்டுதல், நண்பர்களிடம் வாதிட்டு அவர்களை உறுப்பினராக்குதல் ஆகியவை உறுப்பினர்க்கு அவர் வகுத்த கடமைகள். 1917 இறுதியில் கழகத்தின் உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ 27,000 ஆகியிருந்தது.

இக்கடமைப் பட்டியல் இருவகையில் கருதத்தக்கது. ஒன்று, இது ஒரு கல்வியாளர் வகுத்த அரசியல். வேலைநிறுத்தம், வரிமறுப்பு, மறியல் ஆகியவை இதில் இல்லை. படித்தல், விவாதித்தல், எடுத்துரைத்தல் என்பனவே உள்ளன. மற்றொன்று, இது ஒரு பங்குக்குருவின் பணித்திட்டத்தை ஒத்தது: சிறு குழு, வகுப்பு, துண்டு வெளியீடு, வீடுவீடாகச் சந்திப்பு, அறப்பணி. குருப்பட்டம் பெறுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, அமைப்பாக்க முறையில் அருண்டேல் ஒரு குருவாகச் செயல்பட்டார் எனலாம்.

மாணவரைச் சார்ந்த இப்பணியை அரசு கூர்ந்து நோக்கியது. 1916 மே மாதத்தில் 'நியூ இந்தியா'விடம் ரூ.2,000 பிணைத்தொகை கேட்கப்பட்டு, ஆகஸ்டில் அது பறிமுதல் செய்யப்பட்டது. புதிய பிணையாக ரூ.10,000 செலுத்த நேர்ந்தது. 1917 மே மாதத்தில் மாணவர்கள் அரசியல் கூட்டங்களில் பங்கேற்பதைச் சென்னை அரசு ஆணையொன்றால் தடுத்தது. இதே காலத்தில், பேடன் பவல் இயக்கத்தில் இந்தியச் சிறுவர்க்கு இடம் மறுக்கப்பட்டமையால், பெசன்ட்டும் அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். தேசியக் கல்வி வளர்ச்சிச் சங்கமும், இரவீந்திரநாத் தாகூரை வேந்தராகக் கொண்ட அடையாறு தேசியப் பல்கலைக்கழகமும் இவ்வாற்றலிலிருந்தே பிறந்தன. அரசுக் கல்விக்கு வெளியே ஒரு முழுமையான கல்வியமைப்பை எழுப்ப முடியும் என்ற துணிவு அவற்றில் வெளிப்பட்டது. பேரரசின் கைக்கருவி என அருண்டேலை ஒதுக்கும் வாசிப்பு இச்சான்றுகளின் முன் நிற்காது.

1917: காவலின் அரசியல்

சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அரசு, இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 1917 ஜூனில் பெசன்ட், அருண்டேல், பி.பி. வாடியா ஆகிய மூவரையும் சென்னையிலிருந்து வெளியேற்றியது. உதகமண்டலத்தில் ஆல்காட் கட்டிய 'குலிஸ்தான்' இல்லத்தில் அவர்கள் தங்கினர். தன்னாட்சி இயக்கத்தின் சிவப்பு–பச்சைக் கொடி அங்கு ஏற்றப்பட்டது.

இக்காவலின் விளைவுகள் அரசு எதிர்பார்த்ததற்கு மாறானவை. அதுவரை ஒதுங்கியிருந்த மிதவாதிகள் பலர் கழகத்தில் இணைந்தனர். முகமது அலி ஜின்னா பம்பாய்க் கிளையின் தலைவரானார். மயிலாப்பூர்க் கடற்கரையில் வாழ்ந்தவரும், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவருமான எஸ். சுப்பிரமணிய ஐயர், கழகத்தின் கௌரவத் தலைவர் என்ற முறையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கு 1917 ஜூன் 24ஆம் நாளிட்ட மடலொன்றை அனுப்பினார். அம்மடல் பின்னர் கண்டனத்துக்கு உள்ளானபோது அரசு அளித்த பட்டங்களை அவர் துறந்தார். ஆகஸ்ட் 20ஆம் நாள் இந்தியாவுக்குப் படிப்படியான பொறுப்பாட்சி வழங்கப்படும் என்ற மாண்டேகு அறிவிப்பு வெளிவந்தது. செப்டம்பரில் மூவரும் விடுவிக்கப்பட்டனர். டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்குப் பெசன்ட் தலைமையேற்றார்.

வழிகாட்டப்படும் விடுதலை என்னும் கருத்து முழு ஆற்றலுடன் இயங்கிய காலம் இது. ஆளும் இனத்தைச் சேர்ந்த இருவர் ஆளப்படுவோரின் பொருட்டுக் காவலில் இருந்தமை, பேரரசு தன்னைப் பற்றிக் கூறிவந்த அறக்கதையைக் குலைத்தது. ஆசிரியர் மாணவருக்காகத் துன்புறும்போது ஆசிரியரின் அதிகாரம் பன்மடங்காகிறது. ஆயினும் இதே வெற்றி ஒரு வரம்பையும் உடன்கொண்டு வந்தது. மாண்டேகு அறிவிப்பு தந்ததும் படிப்படியான விடுதலையே; அடுத்த படியை எப்போது எடுத்துவைப்பது என்பதை வழங்குவோரே தீர்மானிப்பர். தன்னாட்சி இயக்கத்தின் கருத்தமைப்புக்கும் இவ்வறிவிப்பின் கருத்தமைப்புக்கும் இடைவெளி குறைவாக இருந்தமையால், அறிவிப்பை மறுத்து மேற்செல்லும் வழி இயக்கத்துக்குள் திறக்கவில்லை.

கேட்கப்படாத மறுப்பு

வழிகாட்டும் தகுதி யாருக்கு உண்டு என்ற கேள்வியைத் தமிழகத்தில் இரு குரல்கள் எழுப்பின. ஒன்று, பாரதியுடையது. புதுச்சேரியிலிருந்தபோது 1914இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'பொன்வால் நரி' பெசன்ட்டையும் அவரைச் சூழ்ந்த வழிபாட்டையும் எள்ளி நகையாடியது. அயர்லாந்தில் பிறந்த நிவேதிதையைக் குருவாக ஏற்ற பாரதி, ஐரோப்பியப் பெண்மணி ஒருவர் இந்தியர்க்கு வழிகாட்டுவதைக் கொள்கையளவில் மறுத்தவரல்லர். மறைவான மகாத்மாக்களின் பெயரால் நிறுவனமாக்கப்பட்ட அதிகாரமே அவரது அங்கதத்துக்கு இலக்காயிற்று.

மற்றொன்று, பிராமணரல்லாதார் இயக்கத்தின் குரல். 1916 டிசம்பர் அறிக்கை தன்னாட்சிக் கோரிக்கையை எதிர்த்தமைக்குக் காரணம், அரசுப்பணியிலும் பட்டப்படிப்பிலும் சட்டத்தொழிலிலும் பிராமணர் பெற்றிருந்த மிகைப்பங்கு. அதிகாரம் இங்கிலாந்திலிருந்து இடம்பெயர்ந்தால் அது யார் கையில் சேரும் என்பதே அதன் வினா. தன்னாட்சிக் கழகத்தின் சென்னைத் தலைமையில் சுப்பிரமணிய ஐயர், சி.பி. ராமசாமி ஐயர் போன்ற மயிலாப்பூர் வழக்கறிஞர் மரபினர் முன்னணியில் இருந்தமை இவ்வினாவுக்கு வலுவூட்டியது. பேரரசுப் பற்று இவ்வெதிர்ப்பில் கலந்திருந்தது உண்மை. ஆயினும் வினாவின் நியாயம் அதனால் குறைவுபடவில்லை. 1917இல் காங்கிரசுக்கு உள்ளிருந்தே பி. கேசவ பிள்ளையைத் தலைவராகக் கொண்டு சென்னை மாகாணச் சங்கம் தோன்றியமை, தன்னாட்சியை ஏற்றவர்களும் இவ்வினாவை உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டுகிறது. வ.உ.சி., திரு.வி.க., ஈ.வெ.ரா. போன்றோர் அச்சங்கத்தில் இடம்பெற்றனர்.

அருண்டேலின் கருத்தமைப்பில் இம்மறுப்புக்கு இடமில்லாமற் போனது தற்செயலன்று. கல்வியால் எல்லாரும் உயர்வர் என்ற நம்பிக்கை, கல்வி ஏற்கெனவே சாதியால் பங்கிடப்பட்டுள்ளது என்ற உண்மையைப் பின்தள்ளியது. இந்து மரபின் மேன்மையை மீட்டல் என்ற சபையின் பணி, அம்மரபின் படிநிலையால் பாதிக்கப்பட்டோரின் சான்றைக் கேட்கத் தடையாயிற்று. அவருடன் காவலில் இருந்த வாடியா மேற்கொண்ட வழியோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். வாடியா 1918 ஏப்ரல் 27ஆம் நாள் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினார்; அப்பணியில் அவருடன் இணைந்ததைத் திரு.வி.க. தம் 'வாழ்க்கைக் குறிப்புகள்' (1944) நூலில் பதிவு செய்கிறார். அடையாற்றிலிருந்து பெரம்பூருக்குச் சென்றவர் வாடியா. அருண்டேலின் களம் வகுப்பறையாகவே நீடித்தது.

1919 முதல் 1925 வரை: தொடர்ச்சியின் சான்றுகள்

ரௌலட் சட்டத்துக்கு எதிரான காந்தியின் சத்தியாகிரகத்தைப் பெசன்ட் ஏற்கவில்லை. சட்டத்தை மீறும் உரிமையைப் பயிற்சியற்ற மக்களிடம் ஒப்படைப்பது பேரழிவாக முடியும் என்பது அவர் கருத்து. அருண்டேல் அவருடன் நின்றார். 1920இல் கழகத்தின் தலைமை காந்தியிடம் சென்றது. வழிகாட்டியின் அனுமதிக்குக் காத்திராமல் மக்கள் தாமே செயலில் இறங்கிய அத்தருணம், வழிகாட்டப்படும் விடுதலை என்ற கருத்தின் எல்லையாக அமைந்தது.

அதே ஆண்டில் நிகழ்ந்த திருமணம் இவ்வெல்லைக்கு விலக்கு எனத் தோன்றும். சாதியையும் இனத்தையும் ஒருசேர மீறிய அச்செயலில் உண்மையான துணிவு இருந்தது. அதற்குரிய இகழ்ச்சியை இருவரும் ஏற்றனர். எனினும் 25 ஆண்டு இடைவெளியும், ஆசிரியர்நிலையில் இருந்தவருக்கும் சபைச் சூழலில் வளர்ந்த இளம்பெண்ணுக்கும் இடையிலான உறவும் கணக்கில் கொள்ளப்படவேண்டும். சமூகத் தடையை மீறிய செயலாகவும் குரு–சீட உறவின் நீட்சியாகவும் அத்திருமணம் ஒருங்கே வாசிக்கத்தக்கது. இவற்றுள் ஒன்றை மட்டும் கூறும் வாழ்க்கை வரலாறு குறையுடையது.

1925ஆம் ஆண்டு இவ்வாய்வுக்கு மிக முக்கியமானது. அவ்வாண்டு டிசம்பரில், பெசன்ட்டின் முயற்சியால் உருவான இந்தியப் பொதுநல நாட்டு மசோதா பிரித்தானிய நாடாளுமன்றத்தில் ஜார்ஜ் லான்ஸ்பரியால் கொண்டுவரப்பட்டது. கிராம மன்றத்துக்கு வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை. மேலே செல்லச் செல்ல வாக்காளர்க்குரிய தகுதி உயரும் என்பது அதன் தேர்தல் அமைப்பு. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹாலந்தின் ஹௌசன் நகரில் அருண்டேல் லிபரல் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அடுத்த ஆண்டில் இந்தியாவுக்கான ஆயர் பொறுப்பும் அவருக்கு வழங்கப்பட்டது.

இத்திருச்சபையைச் சாந்தோமைத் தலைமையிடமாகக் கொண்டு 1606 முதல் இயங்கிய மயிலாப்பூர் மறைமாவட்டம் போன்ற உரோமைத் திருச்சபை அமைப்புகளோடு குழப்பிக்கொள்ளலாகாது. உரோமையிலிருந்து பிரிந்த பழைய கத்தோலிக்க மரபின் வழியாகத் திருத்தூதர் வழிமரபு தனக்கு உண்டெனக் கூறி, 1916இல் வெட்ஜ்வுட், லெட்பீட்டர் ஆகியோரால் இலண்டனில் உருவாக்கப்பட்டது இது. இதன் 'லிபரல்' தன்மை வழிபடுவோரைச் சார்ந்தது. எந்த நம்பிக்கை அறிக்கையையும் ஏற்கவேண்டிய கட்டாயம் அவர்க்கில்லை. பயபக்தியுடன் வரும் எவர்க்கும் நற்கருணை உண்டு. ஒப்புரவு அருட்சாதனம் அவரவர் விருப்பம். வழிபாட்டு நூலிலிருந்து இறைவனின் சினம், நரக அச்சம் பற்றிய பகுதிகள் நீக்கப்பட்டன. குருக்கள் மணம்புரியலாம், ஊதியம் பெறுவதில்லை. அதே வேளையில் குருத்துவத்தின் படிநிலை சிறிதும் தளர்த்தப்படவில்லை. அருட்சாதனத்தின் ஆற்றல் முறைப்படி திருநிலைப்படுத்தப்பட்டவரின் கைகளின் வழியே பாய்கிறது என்னும் கொள்கையை லெட்பீட்டர் 1920இல் விரிவாக எழுதினார். பெண்களுக்குக் குருப்பட்டம் மறுக்கப்பட்டது. இந்திய தேசிய காங்கிரசின் தலைமையை வகிக்கத்தக்கவராக இருந்த பெசன்ட் இத்திருச்சபையில் குருவாக முடியாது.

1925இன் மசோதாவும் 1925இன் திருச்சபையும் ஒரே வரைபடத்தைக் கொண்டவை. அடித்தளத்தில் எல்லார்க்கும் திறந்த வாயில். மேலே தகுதியால் குறுகும் படிகள். அருண்டேலின் குருத்துவம் அவருடைய அரசியலின் துறவு அன்று என்ற முடிவுக்கு இவ்வொப்புமை இட்டுச்செல்கிறது. அரசியல் ஏற்க மறுத்த படிநிலையை அவர் திருச்சபைக்குள் முழுமையாகக் கண்டடைந்தார்.

எதிர்த்திசையில் சென்ற குருக்கள்

குருத்துவம் தன்னளவில் இவ்வெல்லையை விதிக்கிறதா என்ற வினா இங்கு எழும். அதே காலத்தின் பிற வாழ்வுகள் அவ்வாறன்று என உணர்த்துகின்றன. ஆங்கிலிக்கக் குருவான சி.எஃப். ஆண்ட்ரூஸ், 1914இல் திருப்பணிக் கடமைகளிலிருந்து விலகி, தென்னாப்பிரிக்காவிலும் ஃபிஜியிலும் ஒப்பந்தக் கூலிகளின் நிலையை நேரில் கண்டு எழுதினார். ஃபிஜிக் கூலிகளுள் தமிழரும் பலர். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான், தேசிய இயக்கத் தொடர்பால் 1930இலும் 1944இலும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர். குருப்பட்டம் பெறாத மருத்துவரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், 1921இல் சே. ஜேசுதாசனுடன் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினார். 1932இல் அந்நியத் துணி மறியலின்போது கதருடையில் காணப்பட்ட அவரைச் சென்னைக் காவலர் தாக்கினர்.

இவர்களுள் ஆண்ட்ரூஸ் அருண்டேலுக்கு நேர் எதிர்த்திசையில் நடந்தவர். மக்களின் துன்பத்தை நெருங்க நெருங்க அவர் குருவின் அலுவல் அதிகாரத்தைக் களைந்தார். அருண்டேல் மக்கள் இயக்கத்திலிருந்து விலக விலகக் குருவின் அதிகாரத்தை அணிந்தார். முன்னவர்க்கு விடுதலை என்பது ஆளப்படுவோரின் சான்றைக் கேட்பதில் தொடங்கியது. பின்னவர்க்கு அது அவர்களுக்குக் கற்பிப்பதில் தொடங்கியது. லிபரல் என்னும் அடைமொழி அருண்டேலின் திருச்சபைக்கே பெயராயினும், அதிகாரத்தைப் பொறுத்த அளவில் ஆண்ட்ரூஸின் வாழ்வே அப்பெயர்க்கு நெருக்கமானது.

மாணவர் தந்த மறுப்பு

அருண்டேலின் கருத்தமைப்புக்கு மிகக் கூர்மையான மறுப்பு அரசியல் எதிரிகளிடமிருந்து வரவில்லை. அவரிடம் பாடம் கற்ற கிருஷ்ணமூர்த்தியிடமிருந்து வந்தது. 1929 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஹாலந்தின் ஓம்மன் முகாமில், அருண்டேல் காசியில் விதைத்த அமைப்பின் வளர்ந்த வடிவத்தைக் கிருஷ்ணமூர்த்தி கலைத்தார். உண்மைக்கு எந்த நிறுவனமும் எந்தக் குருவும் வழியாக முடியாது என்பது அவர் நிலைப்பாடு. 1930களில் அவருக்கெனச் சென்னையில் அமைந்த 'வசந்த விஹார்' அடையாற்றின் வடகரையில், பிரம்மஞான சபை வளாகத்துக்கு வெளியே எழுந்தது.

ஆயினும் தலைவராக இருந்த ஆண்டுகளில் அருண்டேலின் நிறுவனப் பணி வளமானது என்பதை மறைத்தல் முறையன்று. பெசன்ட் நினைவுப் பள்ளி (1934), பின்னர் கலாக்ஷேத்திரா எனப் பெயர் பெற்ற பன்னாட்டுக் கலைக்கழகம் (1936), மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு வந்து நடத்திய ஆசிரியப் பயிற்சி ஆகியவை அக்காலத்தவை. குழந்தை தன்னைத் தானே வழிநடத்திக்கொள்ளும் ஆற்றலுடையது என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்ட மாண்டிசோரி முறையைத் தமிழகத்தில் வேரூன்றச் செய்ததில் அவருக்குப் பங்குண்டு. நாட்டின் விடயத்தில் அவரால் முழுமையாக ஏற்க முடியாத கருத்தை வகுப்பறையில் அவர் வரவேற்றார் என்பது நோக்கத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் மூன்று. முதலாவதாக, அருண்டேல் அரசியலைத் துறந்து சமயத்துக்குள் ஒதுங்கினார் என்ற கருத்து காலவரிசைக்கு முரணானது. 1911இன் சங்கமும், 1916இன் கிளைக்குழுவும், 1925இன் ஆயர்நிலையும் ஒரே வழிகாட்டல் கொள்கையின் தொடர் வடிவங்கள். இரண்டாவதாக, அக்கொள்கை வெறும் பேரரசுச் சார்பு அன்று. 1917இன் காவல், தேசியக் கல்வி, சாரணர் சங்கம் ஆகியவற்றில் அது காலனி அரசை உண்மையிலேயே நெருக்கியது. மூன்றாவதாக, அதன் எல்லையும் அதனுள்ளேயே அமைந்திருந்தது. தகுதியை வரையறுக்கும் உரிமையை மேலிருப்பவரிடம் விட்டமையால், பிராமணரல்லாதார் எழுப்பிய வினாவையும் 1919இன் மக்கள் எழுச்சியையும் அதனால் எதிர்கொள்ள இயலவில்லை.

இம்முடிவுகள் அருண்டேல் ஒருவரோடு நிற்பவையல்ல. தமிழ்நாட்டு விடுதலை இயக்க வரலாற்றில் ஐரோப்பிய ஆதரவாளர்கள் நன்றியுடன் போற்றப்படுகின்றனர் அல்லது ஐயத்துடன் ஒதுக்கப்படுகின்றனர். இரு நிலைகளும் அவர்களுடைய கருத்துகளை ஆராயும் கடமையிலிருந்து வரலாற்றாசிரியரை விடுவித்துவிடுகின்றன. நட்பின் உண்மையை ஏற்று, அந்நட்பு வகுத்த விடுதலையின் அளவை வினவும் வாசிப்பே இன்று தேவைப்படுகிறது. அவ்வினவலுக்குப் பிராமணரல்லாதார் இயக்க ஆவணங்களும் தன்னாட்சி இயக்க ஆவணங்களும் ஒன்றையொன்று எதிர்நோக்கி ஒருங்கே படிக்கப்பட வேண்டும். தியாகராய நகரையும் பெசன்ட் நகரையும் ஒரே நகரின் வரலாறாக எழுதுவதற்கு அதுவே தொடக்கமாகும்.